கரைக்கு வந்த மீன் ஏன் கழன்றுகொள்கிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விரால் பிடிப்பதற்கென்று நல்ல விறைப்பான ராடு ஒன்று வாங்கினாராம். ஏரியில் ரப்பர் தவளை போட்டு விரால் எடுப்பதில் அதற்குக் குறையே இல்லை. அதே ராடை எடுத்துக்கொண்டு அணைக்கு ரோகு பிடிக்கப் போனால்தான் தொல்லை. முள் ஏறுகிறது, மீனும் இழுபட்டு வருகிறது, கரைக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போது கழன்று போய்விடுகிறது. “மீன் கண்ணுக்குத் தெரிஞ்சதுமே போயிடுது சார். கண்ணு பட்டுடுச்சுன்னு கூட வந்தவங்க சொல்றாங்க. ராடு காரணமா இருக்குமா?”

ராடுதான் காரணம். அது ஏன் கரைக்குப் பக்கத்தில் மட்டும் வேலையைக் காட்டுகிறது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இருக்கிறது.

முதலில் அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். தூண்டில் ராடு என்பது ஒரு முனையைக் கையில் பிடித்து, மறு முனையில் சுமை ஏற்றப்படும் கம்பம். எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம் என்ற மூன்றும் அதன் விறைப்பை முடிவு செய்கின்றன. மெல்லிய சுவர் உள்ள குழாயின் ஆரத்தை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும். நீளத்தை இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். பொருளைப் பொறுத்தவரை, கண்ணாடி இழையின் யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) 70 கிகாபாஸ்கலை ஒட்டியது. சாதாரண கார்பன் இழைக்கு அது சுமார் 230. அதனால்தான் அதே விறைப்பைக் கார்பன் ராடு பாதி எடையில் தந்துவிடுகிறது. கடையில் “30 டன்”, “40 டன்” என்று எழுதியிருப்பது இழையின் குணகத்தைத்தான். எண் பெரிதாக இருந்தால் ராடும் விறைப்பாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குறைந்த பொருளில் அதே விறைப்பைக் கொண்டுவரலாம் என்பதுதான் அதன் பொருள். அப்படிச் செய்த ராடு லேசாகவும் இருக்கும், அடிபட்டால் சுலபமாக ஒடியவும் செய்யும்.

ராடில் எழுதியிருக்கும் “பவர்”, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்கிறது. “ஆக்‌ஷன்”, எந்த இடத்தில் வளையும் என்பதை. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், ஸ்லோ என்றால் கைப்பிடி வரை வளையும். அடிப்படை இவ்வளவுதான்.

சரி, இப்போது கழன்ற மீனுக்கு வருவோம்.

உங்கள் கைக்கும் மீனின் வாய்க்கும் இடையில் ஒரு சுருள்வில் இருக்கிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. அங்கே இருப்பவை இரண்டு. ஒன்று ராடு, இன்னொன்று நரம்பு, அதாவது தூண்டில் இழை. இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக, பள்ளிப் பாடத்தில் வரும் தொடரிணைப்பில் இருக்கின்றன. தொடரிணைப்பில் இரண்டும் ஒரே விசையைத் தாங்கும், அவற்றின் நீட்சிகள் கூடும். ராடு எவ்வளவு வளைகிறதோ அதோடு நரம்பு எவ்வளவு நீள்கிறதோ அதையும் சேர்த்தால், மீனுக்குக் கிடைக்கும் மொத்த நெகிழ்வு வந்துவிடும்.

ராடின் நெகிழ்வு ஆட்டம் முழுக்க ஏறக்குறைய மாறாது. நரம்பின் நெகிழ்வோ அதன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 30 மீட்டர் வெளியே இருக்கும்போது எவ்வளவு நீள்கிறதோ, 3 மீட்டர் இருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் நீளும். நீங்கள் ரீலைச் சுற்றச் சுற்ற, ஒரு சுருள்வில்லை வெட்டி வெட்டி உள்ளே எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள்!

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். 0.30 மில்லிமீட்டர் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) நரம்பை எடுத்துக்கொள்வோம். நைலானின் யங் குணகத்தை 2 கிகாபாஸ்கல் என்று வைத்தால், 100 கிராம் இழுப்புக்கு 30 மீட்டர் நரம்பு சுமார் 21 சென்டிமீட்டர் நீளும். 3 மீட்டர் நரம்பு 2 சென்டிமீட்டர்தான் நீளும். நனைந்த நைலான் இன்னும் சற்றுத் தாராளமாக நீளும், அதை விட்டுவிடலாம். மென்மையான ராடு ஒன்றின் நுனி அதே 100 கிராமுக்கு 7 சென்டிமீட்டர் இறங்குகிறது, விறைப்பான ராடின் நுனி 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது என்று கொள்வோம்.

மீன் தூரத்தில் இருக்கும்போது மென்மையான ராடில் மொத்த நெகிழ்வு 28 சென்டிமீட்டர், விறைப்பான ராடில் 23. பெரிய வித்தியாசம் இல்லை. மீன் கரைக்கு வந்ததும் மென்மையான ராடில் அது 9 சென்டிமீட்டர், விறைப்பான ராடில் வெறும் 4.

மீனின் வாய் இதை எப்படி உணரும்? 3 கிலோ மீன் ஒன்று நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் திடீரென்று திரும்பி ஓடுகிறது. அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் சுருள்வில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆற்றலைச் சமன் செய்து பார்த்தால் உச்ச இழுப்புக்கு ஓர் அழகான சூத்திரம் கிடைக்கும்: வேகத்தை, நிறையையும் விறைப்பையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். விறைப்பு 4 மடங்கானால் உச்ச இழுப்பு 2 மடங்காகும். நமது மீனுக்கு இதைப் போட்டால், 30 மீட்டரில் மென்மையான ராடு முள்மீது ஏற்றும் விசை சுமார் 670 கிராம், விறைப்பான ராடு ஏற்றுவது 730. இரண்டும் ஒன்றுதான் என்றே சொல்லிவிடலாம். 3 மீட்டரில் அதே மீன், அதே வேகம்: மென்மையான ராடில் 1.2 கிலோ, விறைப்பான ராடில் 1.8 கிலோ.

மீன் நீந்திக்கொண்டே இருப்பதால் உண்மையில் இது கொஞ்சம் கூடும், கையை நீட்டிக் கொடுத்தால் குறையும். எண்கள் மாறினாலும் போக்கு மாறாது. தூரத்தில் நரம்பு ராடின் குறையை மறைத்துவிடுகிறது. பக்கத்தில் வந்ததும் மறைக்க ஆளில்லை.

இப்போது நரம்பை மாற்றிப் பிரெய்டு போடுங்கள். அது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது, நைலானோடு ஒப்பிட்டால் நீளவே நீளாது என்று சொல்லலாம். விரால் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். விறைப்பான ராடில் பிரெய்டு கட்டி 3 மீட்டரில் கணக்குப் போட்டால் உச்ச இழுப்பு 2.5 கிலோவுக்குப் போகிறது. மென்மையான ராடு என்றால் அதே பிரெய்டிலும் 1.3 கிலோதான்.

ரீலில் டிராக் என்ற பிரேக் இருக்கிறதே, மீன் பலமாக இழுத்தால் அது வழுக்கி நரம்பை விட்டுக் கொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்கும், ஆனால் உடனே அல்ல. நின்றிருக்கும் பரப்புகளின் உராய்வு, வழுக்கிக்கொண்டிருக்கும் பரப்புகளின் உராய்வைவிட அதிகம். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலும் சுழலத் தொடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தச் சிறு இடைவெளியைத் தாங்குவது ராடுதான்.

மீன் கண்ணில் பட்ட நொடியில் கழன்று போவதற்கும் இதே காரணம்தான். அது கண்ணுக்குத் தெரியும் தூரமும், நரம்பின் நெகிழ்வு தீர்ந்துபோகும் தூரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. போதாததற்குக் கரையில் நிற்கும் ஆளைப் பார்த்து மீன் மிரண்டு, கடைசியாக ஒரு முழு ஓட்டம் ஓடும். இத்தனை காரணம் எதிரே இருக்கும்போது கண்ணேறு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூட நின்று பார்த்தவரைக் குற்றவாளியாக்குகிறோம், அடுத்த முறை அவரை அழைக்காமல் விடுகிறோம். மீன் மட்டும் மறுபடியும் அதே இடத்தில் கழன்று போகும்.

அப்படியானால் விராலுக்கு மட்டும் விறைப்பான ராடு ஏன் சரியாக வருகிறது? விராலின் வாய் எலும்பும் பல்லும் நிறைந்தது. தவளை லூரின் முட்கள் தடித்தவை, அதன் ரப்பர் உடலை ஒட்டியே இருப்பவை. உடல் நசுங்கி, முள் வெளியே வந்து, கெட்டியான தாடையில் இறங்க வேண்டும். நெகிழ்வான ராடில் உங்கள் வெட்டின் (முள்ளை ஏற்ற ராடைச் சட்டென்று இழுப்பதன்) பெரும்பகுதி ராடை வளைப்பதிலேயே செலவாகிவிடும். முள் ஏறியதும் விரால் அல்லிக் கொடிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அடியில் புகுந்துகொள்ளும், அதை அங்கிருந்து பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் இங்கே மிகவும் பொருத்தம். (குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டிருக்கும் விராலுக்கு மட்டும் தயவுசெய்து தவளை போடாதீர்கள். காவல் மீன் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.)

ரோகுவின் உதடு சதைப்பற்றானது. கட்லாவின் வாயும் மென்மையானதுதான். சிறிய, கூர்மையான முள் சுலபமாக ஏறிவிடும், அதற்குப் பெரிய வெட்டு தேவையில்லை. அப்புறம் ஒவ்வொரு இழுப்பிலும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகலும். மேட்டூர், பவானிசாகர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் திறந்த நீர் நிறைய இருப்பதால் மீனை ஓடவிட்டுக் களைப்பாக்கலாம். இதற்கு மீடியம் பவரில், நடுவரை வளையும் ராடு போதும்.

கொடுவா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாய் கெட்டி, ஆனால் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். முத்துப்பேட்டை அலையாத்திப் பகுதி போன்ற இடங்களில் வேர்களுக்குள் ஓடப் பார்க்கும். அடிப்பகுதி பலமாகவும் நுனி நன்றாக வளைந்து கொடுப்பதாகவும் உள்ள மீடியம் ஹெவி ராடு அதற்கு ஏற்றது. ஜிலேபிக்கு லைட் ராடு போதும், அதில்தான் அதன் துள்ளலும் கைக்குத் தெரியும்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஒரு நிறுவனத்தின் “மீடியம்” இன்னொரு நிறுவனத்தின் “ஹெவி”யாக இருக்கிறது. விறைப்பை நியூட்டன்/மீட்டரில் அச்சிட்டால் என்ன? நம் ஊர் மீன்களின் வாயில் முள் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்பதை அளக்க ஒரு சுருள்வில் தராசும், சந்தையில் வாங்கிய மீனும், பொறுமையுள்ள இரண்டு மாணவர்களும் போதும். மீன்வளக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட சிறிய ஆய்வுகளுக்குச் சிறிய தொகைகளைத் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய கருவி கேட்கும் திட்டத்துக்குத்தான் பணம் என்ற நிலை இருந்தால், கையெட்டும் தூரத்தில் இருக்கும் கேள்விகள் அப்படியே கிடக்கும்.

அதுவரை நீங்களே அளந்துகொள்ளலாம். கைப்பிடியை மேசையோடு கட்டி ராடைக் கிடையாக நிறுத்துங்கள். நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, 200 கிராம் எடை வரும்படி தண்ணீர் ஊற்றிய பாட்டில் ஒன்றை நுனியில் தொங்கவிடுங்கள். 15 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கினால் ரோகுவுக்கு எடுத்துப் போகலாம். 3, 4 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் அது விரால் ராடு. அதைத்தான் அணைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பிரெய்டை எடுத்துவிட்டுத் தங்கூஸ் கட்டுங்கள். கடைசி 5 மீட்டரில் டிராக்கை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ராடைத் தலைக்கு மேலே நிமிர்த்தித் தூக்க வேண்டாம், அப்போது மெல்லிய நுனி மட்டுமே வளைந்து கார்பன் ஒடியும். சாய்வாகப் பிடித்துக்கொண்டு, கைவலையை மீனுக்கு அடியில் கொண்டுபோங்கள்.