ராப்: குட்டா, பாட்டா?

அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு எழுதுவான். போன பொங்கலுக்குச் சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தவன், திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாவிடம் போய், "ஏனுங் அப்புச்சி, நான் ஒரு ராப் பாட்டு எழுதியிருக்கறனுங், கேக்கறீங்களா?" என்றான்.

"ராப்பாட்டா? அப்பறம் எதுக்குக் கண்ணு பட்டப்பகல்ல பாடறே?" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அவர் கேட்டதில் தப்பே கிடையாது. இரா என்பதோடு பாட்டு சேர்ந்தால் இடையில் ஒரு 'ப்' தோன்றி இராப்பாட்டு ஆகும், பேச்சில் ராப்பாட்டு. ராப்பகல், ராப்பிச்சை, ராப்பாடி எல்லாம் அப்படி வந்தவைதான். அவர் வயதுக்காரர்களுக்கு ராப்பாட்டு என்றால் கண்முன் நிற்பது உடுக்கடி. எங்கள் கொங்கு நாட்டுப்புறக் கதையான அண்ணமார் கதையை விடிய விடிய உடுக்கை அடித்துச் சொல்வார்கள். கதைக்காரர் கொஞ்ச நேரம் பாடுவார், கொஞ்ச நேரம் பேசுவார், பேச்சே தாளத்தில் ஓடும். பக்கத்தில் ஒருவர் 'ஆமா' போட்டுக்கொண்டே இருப்பார். 1960களில் பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். அவர் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ, இன்றைக்கு ஓர் அமெரிக்கப் பையன் கேட்டால் இதைத்தான் ராப் என்பான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் ராப் என்பதற்கு முதல் பொருள் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அடி. சுருக்கென்று விழுகிற சின்ன அடி. விரல் முட்டியால் கதவை டொக் டொக் என்று தட்டுகிறோமே, அது. 14ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய பழைய சொல், சத்தத்தை வைத்துப் பிறந்த சொல். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வெடுக்கென்று ஒன்றைச் சொல்லிவிடுவதற்கும் அதே சொல் வந்தது. பிறகு கண்டிப்பது, பழி ஏற்பது என்று கிளை விட்டது. 1960களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில், உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதற்கும் வாய்ச்சாலகமாகப் பேசுவதற்கும் ராப் என்றார்கள். அந்தப் பேச்சு தாளத்தில் ஏறியபோது பேரும் கூடவே ஏறிக்கொண்டது.

இதற்கிடையில் ஒரு கட்டுக்கதை. 'ரிதம் அண்ட் பொயட்ரி' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம்தான் ராப் என்று வாட்ஸாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, மேடையிலும் சொல்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை பிறந்து அறுநூறு வருசம் கழித்து எழுதிய ஜாதகம் அது.

பாட்டின் பிறப்புக்கு எல்லோரும் காட்டும் நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடியில் ஒரு கொண்டாட்டம். ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு போட்டார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் ஆடுகிறது என்று கண்டுகொண்டு, ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை வைத்து அந்த இடத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனார். அந்த நீட்டலின் மேல் ஒலிவாங்கியில் பேச்சு. அதிலிருந்து 2018இல் கென்ட்ரிக் லமார் ஒரு ராப் தொகுப்புக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியது வரை நீண்ட கதை, அது இங்கே வேண்டாம். நம் பக்கம் 1994இல் பேரிலேயே ராப் என்று வைத்துக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டு வந்து பட்டிதொட்டியெல்லாம் அந்தச் சொல்லைக் கொண்டுபோனது. மலேசியாவிலிருந்து யோகி பி வந்தார். அப்புறம் நம்ம கோயமுத்தூரிலிருந்து ஹிப்ஹாப் தமிழா ஆதி. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ராப் அயல் சொல்லே இல்லை.

தட்டு, வெடுக், பழி, பேச்சு. இந்த நாலையும் பார்த்ததும் எனக்குத் தோன்றிய தமிழ்ச் சொல் குட்டு. கை முட்டியை மடக்கி மண்டையில் வைக்கும் அதே அடி. வாத்தியார் வைத்ததும் குட்டு, பிள்ளையாருக்கு முன்னால் நாமே வைத்துக்கொள்வதும் குட்டு, நீதிமன்றம் அரசைக் கண்டித்தால் மறுநாள் பத்திரிகை போடுவதும் 'குட்டு'. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். ஆங்கிலச் சொல் நடந்த தடத்தில் பாதித் தூரம் இதுவும் நடந்திருக்கிறது. பாட்டுக்கு மட்டும் வரவில்லை. 'குட்டுப்பாட்டு' என்று யாரும் சொல்லப் போவதில்லை, குத்துப்பாட்டு என்று காதில் விழும் ஆபத்து வேறு.

இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொல் சொல்லிசை. நல்ல சொல்தான், சொல்லே இசையாவது. பத்திரிகைகள் 'சொல்லிசைக் கலைஞர்' என்று எழுதத் தொடங்கி நாளாகிவிட்டது. ஒரே ஒரு இடைஞ்சல். பத்தாம் வகுப்பு படித்த எவருக்கும் இந்தச் சொல்லைக் கேட்டதும் அளபெடை ஞாபகம் வரும். 'நசை' என்றால் விருப்பம். அதை 'நசைஇ' என்று நீட்டினால் விரும்பி என்று வினையெச்சமாகிவிடும். 'உரன்நசைஇ உள்ளம் துணையாகச் சென்றார்' என்ற குறளை வைத்து மனப்பாடம் செய்திருப்போம். அதற்குப் பேர் சொல்லிசை அளபெடை. இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு சொல்லுக்கு இரண்டு வீடு இருப்பது புதிதில்லை. ஆனால் இந்த இலக்கணத்தில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது: தமிழில் ஓசை நீண்டால் பொருள் மாறும். ராப் பாடுகிறவர்கள் மறந்துபோகிற விஷயம் இதுதான், பின்னால் வருகிறேன்.

எனக்குப் பிடித்த சொல் உரைப்பாட்டு. சிலப்பதிகாரத்தில் குன்றக்குரவையைத் திறந்தால் 'உரைப்பாட்டு மடை' என்று தலைப்பு இருக்கும். உரையும் இல்லாமல் முழுப்பாட்டும் இல்லாமல், பேச்சின் நடையில் ஓடுவதை நடுவில் மடுத்து வைப்பது. ராப்புக்கு இதைவிடப் பொருந்துகிற சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஜதி சொல்லும் சொற்கட்டை இதோடு சேர்ப்பவர்களும் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். 'தகதிமி'க்கு அகராதிப் பொருள் கிடையாது, ராப்புக்குப் பொருள்தான் உயிர்.

உள்ளே புழங்கும் மற்ற சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. நின்ற இடத்தில் கட்டிப் பாடும் ஃப்ரீஸ்டைலுக்கு ஆசுகவி. எதிராளியைத் திட்டும் டிஸ்ஸுக்கு வசை, கொஞ்சம் நாசூக்காகத் திட்டினால் அங்கதம். ஹுக் என்பது பல்லவி. ஃப்ளோ என்று அவர்கள் கொண்டாடுகிற வேக ஓட்டத்துக்கு முடுகு. தொல்காப்பியம் சொல்லும் இருபது வண்ணங்களில் கடைசி அது, அடி எல்லை தாண்டி ஓடுவது. மாட்டை முடுக்குகிற ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

சொல் இத்தனை இருந்தும் பாட்டு எப்படி இருக்கிறது?

இப்போது பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் ரீல்ஸிலும் ஓடுகிற ராப் பாட்டுகளில் பத்தைக் கேளுங்கள். எட்டில் நாலு வரி இப்படித்தான் போகும்: வந்தேன்டா, நின்னேன்டா, அடிச்சேன்டா, ஜெயிச்சேன்டா. கேட்கிறபோது தாளம் கச்சிதமாக விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பொருத்தத்தை எழுதியவர் தேடிப் பிடிக்கவில்லை. தமிழ் வினைச்சொல் எல்லாம் விகுதியில் முடிவதால் இலவசமாகக் கிடைத்தது. ஆங்கிலத்தில் வரிக் கடைசியில் ஒலி பொருந்துவது அபூர்வம், அதனால் அது கெட்டிக்காரத்தனம். தமிழில் அதற்கு இயைபு என்று பேர். 'நேற்று வந்தான், சோறு தின்றான், படுத்துக்கொண்டான்' என்று சொன்னாலே இயைபு. நம் ஆட்கள் அதை ரொம்பப் பெரிதாக எண்ணாததற்கு இதுதான் காரணம். அவர்கள் வரித் தொடக்கத்தில் எதுகை வைத்தார்கள், மோனை வைத்தார்கள். அங்கேதான் சொல்லைத் தேட வேண்டியிருக்கும். மேலே சொன்ன நாலு வரியிலும் பொதுவாக இருப்பதை மட்டும் உருவி எடுத்துப் பாருங்கள், மிஞ்சுவது 'ஏன்டா'. நானும் அதைத்தான் கேட்கிறேன்.

அடுத்தது குறில் நெடில். ஆங்கிலத்தில் சொல்லின் ஒரு பகுதியை அழுத்தி மற்றதை விழுங்குவார்கள், அது அந்த மொழியின் இயல்பு. அந்த அழுத்தத்தை அப்படியே தமிழில் போட்டால் குறில் நீண்டுவிடும். ஈரோட்டிலிருந்து கோவைக்கு வரும் பேருந்தில் ஒருமுறை ஒரு பாட்டு. பாடுகிறவர் உருக்கமாக "என்ன வீடு, என்ன வீடு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக் கடன் விளம்பரம் போலிருக்கிறது என்று பெருமாநல்லூர் வரை நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் சொன்னது 'என்னை விடு'. படு பாடு ஆகிறது, நடு நாடு ஆகிறது, குடம் கூடம் ஆகிறது. தாளத்துக்கு வேண்டிய நீளம் உள்ள சொல்லைத் தேடாமல், கையில் கிடைத்த சொல்லை இழுத்துக் கட்டுகிறார்கள். இதற்கு மேல் குரலைக் கருவியால் திருத்தும் ஆட்டோட்யூன் வேறு. வல்லினத்தின் முனையெல்லாம் மழுங்கி, கோபிசெட்டிபாளையத்துப் பையன் புரூக்ளினில் பிறந்த மாதிரி ஒலிக்கிறான்.

பேச்சு மொழியிலும் இதே கதை. கொங்குப் பையன்கள் எழுதும் பாட்டில்கூட சென்னைப் பாஷைதான் வருகிறது. கெத்து வேண்டுமாம். மரியாதையாகத் திட்டுவது எங்கள் ஊர்க்காரனுக்குக் கைவந்த கலை. 'ஏனுங் தம்பி, போதுமுங், எறங்கிக்கங்' என்று ஒருவர் சொன்னால் எதிராளி அன்றைக்குத் தூங்க மாட்டான். அந்தக் குசும்பில் ஒரு வசை வந்தால் நான் காசு கொடுத்துக் கேட்பேன். ஒவ்வொரு சொல் முடிவிலும் 'ங்' என்று மணி அடிக்கிற பேச்சை வைத்துக்கொண்டு 'டா'வுக்கு அலைகிறார்கள்.

எதுகை எப்படி வேலை செய்யும் என்று பார்க்க நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்து பாடுவார்கள். கம்பர் பாடியது என்பது ஊர் வழக்கு. குடிமகன், அதாவது ஊர் நாவிதர், நின்றுகொண்டு ராகம் ஏதும் பெரிதாக இல்லாமல், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு குரலில் சொல்லிக்கொண்டே போவார். தொடக்கத்தில் வரும் பிள்ளையார் வெண்பாவில் நல்ல என்று ஓர் அடி எழும், அல்லல் என்று அடுத்தது, பிறகு சொல்லரிய. அப்புறம் தும்பிக்கை, அதற்கு நம்பிக்கை. தும்பிக்கையைப் பிடித்தால் நம்பிக்கை வரும் என்று ஒலியே பொருளைச் சொல்லிவிடுகிறது. பின்னால் எந்த பீட்டும் இல்லை. பந்தியில் இலை போடும் சத்தத்துக்கு நடுவிலும் அந்த இரண்டு சொல்லும் காதில் விழும்.

எல்லாப் பாட்டும் மோசம் என்று நான் சொல்லவில்லை. அரிசி விலை, சாதி, நிலம் என்று பேசுகிற பாட்டுகளும் வந்திருக்கின்றன, அவற்றில் சொல் நிற்கிறது. கூட்டம் சேர்வது மற்றதற்கு. படிக்காசுப் புலவர் பேரில் ஒரு தனிப்பாடல் உண்டு. தப்பாகப் பாடினால் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லி இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, ஏமாற்றிப் பறிக்க அறிவில்லாத துரைகள் உண்டு, ஆகவே தேசமெல்லாம் புலவர் என்று திரியலாமே என்று அலுத்துக்கொள்வார். காதையும் தலையையும் விட்டுவிடலாம். அந்த முதல் ஆள் இருந்தால் போதும். ராப்புக்கு ராப் வைக்க ஆளில்லை என்பதை அவரைப் போல யாரும் சொன்னதில்லை.

அக்கா மகன் பாட்டை அன்றைக்குப் போட்டான். புளூடூத் பெட்டி திண்ணையில் குதித்தது. நான் எதிர்பார்த்த 'டா'வெல்லாம் வரிசையாக வந்தது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தாளம் ஒரு நொடி நின்று, "நொய்யல் கரை... சாயக் கறை" என்று போயிற்று. ர, ற இரண்டும் எங்கள் வாயில் ஒன்றுதான், ஆகவே காதுக்கு அது ஒரே சொல் இரண்டு முறை விழுந்த மாதிரி இருந்தது. இரண்டாவது முறை விழும்போது பொருள் மாறிவிட்டது. ஒரே சொல் திரும்ப வந்து பொருள் மாறினால் அதற்கு மடக்கு என்று பேர். எழுத்து வேறு என்பதால் இலக்கணப்படி எதுகை ஆகாது என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அப்பா முந்திக்கொண்டார். நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டிய புதிதில் பாசனத்துக்குத் தண்ணீர் வரும் என்று காத்திருந்து, திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து நிற்பதைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

"அதென்ன கரைன்னான், கறைன்னான்? சத்தத்தக் கொறச்சுட்டு இன்னொருக்காப் போடு கண்ணு."