கை காட்டினால் பேச்சு தள்ளிப்போகுமா?

"கை காட்டுறதுக்கெல்லாம் எடுத்துக் குடுத்தா, அவன் எப்பம்மா பேசுவான்?" பேச்சுப் பயிற்சிக்குப் பேரக்குழந்தையை அழைத்து வரும் பாட்டிகள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வீட்டில் அதன்படியே நடக்கிறது. குழந்தை தண்ணீர் பாட்டிலைக் காட்டும். 'தண்ணி' என்று சொன்னால்தான் தருவேன் என்று பாட்டிலை உயரே தூக்கிப் பிடிப்பார்கள். சொல்ல வராமல் குழந்தை அழும். பாவம் என்று கொடுத்துவிடுவார்கள். கையை நீட்டினால் ஒன்றும் ஆகாது, அழுதால்தான் கிடைக்கும் என்பதைத்தான் அது அன்றைக்குக் கற்றுக்கொள்கிறது.

இதை விட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். கை காட்டுவது பேச்சை மறிப்பதில்லை, பேச்சே அந்தக் கை வழியாகத்தான் வருகிறது. ஜேனா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ என்ற இரு ஆய்வாளர்கள் பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தை முதலில் கையால் காட்டிய பொருள்களின் பெயர்களே பெரும்பாலும் பிறகு வாயில் வந்தன. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அப்பாவின் செருப்பைக் காட்டி 'அப்பா' என்று ஒரு குழந்தை சொல்கிறது என்று வையுங்கள். பாதி விரலில், பாதி வாயில். இப்படிச் சேர்த்துச் சொல்ல சீக்கிரம் தொடங்கிய குழந்தைகளே, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதிலும் முந்திக்கொண்டார்கள்.

ஒன்பது, பத்து மாதத்தில் குழந்தை தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டும். கையில் இருப்பதை நம்மிடம் கொடுக்கும். கை தட்டும். பிள்ளைத்தமிழில், குழந்தை கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தவர்கள் குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! ஒரு வயதை ஒட்டி டாட்டா, வேண்டாம் என்ற தலையாட்டல், அப்புறம் சுட்டுவிரல்.

அந்தச் சுட்டுவிரலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது 'எனக்குக் கொடு'. சுவரில் பல்லியைக் காட்டுவது வேறு. காத்திருக்கும் இடத்தில் அம்மா மடியில் இருக்கும் குழந்தை டியூப்லைட் பக்கத்துப் பல்லியை நோக்கி விரல் நீட்டி 'உம்' என்னும். உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மா பார்த்தாளா என்று தெரிந்துகொண்டு, மறுபடி பல்லியைப் பார்க்கும். அதற்குப் பல்லி வேண்டியதில்லை, தான் பார்த்ததை அம்மாவும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பேச்சுக்கு அடிப்படையான ஆசை இதுதான். அதனால் எத்தனை வார்த்தை சொல்கிறான் என்று கேட்பதற்கு முன்பே, எதையாவது உங்களுக்குக் காட்டுகிறானா என்றுதான் நான் கேட்பேன்.

சில குழந்தைகள் விரல் நீட்டுவதில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய், முகத்தைப் பார்க்காமலே ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் காட்டுவதும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதும் சேர்ந்தே குறைவாக இருந்தால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கையால் எல்லாவற்றையும் அழகாகச் சொல்லும் குழந்தைக்குச் சொல் மட்டும் வரவில்லை என்றால், முதலில் காதைப் பார்க்க வேண்டும். "பின்னாடி நின்னு தட்டைத் தட்டினேன், திரும்பினானே" என்பார்கள். நிழலைப் பார்த்தோ தரையின் அதிர்வை உணர்ந்தோகூடத் திரும்பியிருக்கலாம். ஒலிக்கு மூளை தரும் எதிர்வினையைப் பதிவுசெய்யும் பெரா போன்ற முறையான கேட்புப் பரிசோதனைதான் கணக்கு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? குழந்தை காட்டியதைப் பாருங்கள், அதற்குரிய சொல்லைச் சொல்லுங்கள், பொருளைக் கொடுங்கள். "தண்ணியா? இந்தா, தண்ணி." சொல்லு சொல்லு என்று வற்புறுத்த வேண்டாம். நீங்களும் நிறைய விரல் நீட்டுங்கள்: மாடியில் காக்கா, தெருவில் மாடு, மேலே விமானம். காட்டிவிட்டுச் சில நொடி சும்மா இருங்கள், குழந்தைக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். செல்போனில் ஓடும் பாட்டுக்கு, குழந்தை விரல் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால் சாப்பாட்டு நேரத்திலாவது அதைத் தள்ளி வையுங்கள்.

ஒரு வயதாகியும் கையசைவு எதுவுமே இல்லை, ஒன்றரை வயதாகியும் எதையும் காட்டுவதில்லை, டாட்டா காட்டிக்கொண்டிருந்த குழந்தை அதை விட்டுவிட்டது: இவற்றில் எது இருந்தாலும், "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினார்" என்ற சமாதானத்தில் மாதங்களைக் கழிக்காதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். தனியார் கட்டணம் முடியாதென்றால், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இந்த மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். போகும்போது, குழந்தை வீட்டில் எப்படிக் கேட்கிறது, எப்படி மறுக்கிறது என்பதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள். புது இடத்தில் மிரண்டு சும்மா இருந்துவிடும் குழந்தைகளுக்கு அது பெரிய உதவி.