மேசை அப்புறம், முதலில் ஜன்னல்: வீட்டில் ஸ்கேல் மாடல் செய்கிறவர்களுக்கு

கட்டடங்களுக்கு மாதிரி செய்து கொடுப்பது என் தொழில். அடுக்குமாடி விற்கும் அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் 1:100 அளவில், குட்டி மரம், குட்டிக் கார் எல்லாம் வைத்து ஒன்று நிற்குமே, அந்த வேலை. பட்டறைக்கு விசாரிக்க வருகிறவர்களில் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் அதிகம். இப்போது இன்னொரு கூட்டமும் வருகிறது. வாரம் முழுக்க ஆபீஸ், சனி ஞாயிறில் பிளாஸ்டிக் கிட் வாங்கி, நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு (1/72) விமானமும் 35-இல் ஒரு பங்கு (1/35) டாங்கியும் ஒட்டுகிறவர்கள். வீட்டில் ஒரு மூலையை இதற்கென்று ஒதுக்கிவிட்டு யோசனை கேட்பார்கள். எந்த மேசை, எந்த லைட், எந்த கம்ப்ரசர் என்று பட்டியல் கையில் தயாராக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த மூலைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? "ஏசி ரூம் சார், ஜன்னலைத் திறக்கிறதே இல்ல" என்று பெருமையாகப் பதில் வரும்.

வீடுகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப விடுகிறது. அதன் வலையில் தூசி கொஞ்சம் தங்கும். பெயின்ட்டை இளக்கவும் கழுவவும் வைத்திருக்கும் தின்னரின் ஆவி தங்காது. சீலிங் ஃபேனும் அப்படித்தான், ஆவியை வெளியேற்றாது, அறை முழுக்கப் பரப்பும். வெயில் காலத்தில் ஃபேனையும் ஏசியையும் விட்டால் வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பத்துக்குப் பத்து படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெயின்ட் அடித்துவிட்டு, மாடலை அங்கேயே காய வைத்துவிட்டு, பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பெயின்ட் காய்கிறது என்றால் அதில் இருந்த கரைப்பான் காற்றுக்கு வருகிறது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க அது உங்கள் மூச்சுக்குத்தான் போகிறது. வாடையே வரவில்லையே என்று சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிவிடும். வெளியே போய்விட்டுத் திரும்ப உள்ளே வரும்போது அடிக்கிறதே, அதுதான் உண்மையான அளவு.

எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. கிட் ஒட்டும், தண்ணீர் போல ஓடும் பசையான பிளாஸ்டிக் சிமென்டில் பெரும்பாலும் அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் இருக்கும். பிரஷ் நுனியில் தொட்டு வைப்பதால் அளவு குறைவு. ஜன்னல் திறந்திருந்து, பாட்டிலை உடனுக்குடன் மூடினால் போதும். ஹார்டுவேர் கடையில் சும்மா 'தின்னர்' என்று விற்பது வேறு ரகம். டொலுவீன், சைலீன் கலந்த சரக்கு அது, கலவை கடைக்குக் கடை மாறும், பாட்டிலிலும் ஒழுங்காக எழுதியிருக்காது. ஏர்பிரஷ், அதாவது கம்ப்ரசர் காற்றால் பெயின்ட் ஊதும் கருவி, அதைக் கழுவ மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கி அறைக்குள் ஊதுகிறார்கள். என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒன்றை வீட்டுக்குள் ஊதக் கூடாது என்பது என் கட்சி. அக்ரிலிக் பெயின்டுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது அந்தந்தக் கம்பெனியின் தின்னரே நல்லது.

தண்ணீரில் கரையும் பெயின்ட் என்றால் பயமே இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிரஷ்ஷில் தீட்டும்வரை அது பெருமளவு சரி. ஏர்பிரஷ்ஷில் போட்டு 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஊதும்போது அதே பெயின்ட் நுண்துளியாகிறது. நிறமியும் பிசினும் நுரையீரல்வரை போகும். வாடை இல்லை என்பதற்காக அது நுரையீரலைச் சும்மா விடாது.

மாணவர்களிடம் நான் அதிகம் சத்தம் போடுவது குளோரோஃபார்ம் விஷயத்தில். அக்ரிலிக் ஷீட் ஒட்ட நம் ஊரில் காலங்காலமாகப் புழங்குவது இது. சிரிஞ்சில் எடுத்து, இரண்டு ஷீட் சேரும் விளிம்பில் ஊசி நுனியை வைத்தால் போதும், திரவம் தானே இடுக்கில் ஓடி, இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஜாயின்ட் கண்ணாடி போல நிற்கும். அந்த அழகில் மயங்கித்தான் யாரும் விடுவதில்லை. ஆனால் அது ஈரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை வகைப்படுத்தியிருக்கிறது. தீசிஸ் நேரத்தில் ஹாஸ்டல் அறையில் நாலு பேர் சேர்ந்து விடிய விடிய ஒட்டிவிட்டு, தலைவலி, குமட்டல், தலை சுற்றல் என்று வருவார்கள். தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொள்வார்கள். தூக்கமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்தாகக் கொடுத்த திரவத்தைத் திறந்த கிண்ணத்தில் வைத்து, அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீல நைட்ரைல் கையுறை போட்டிருக்கிறேன் என்பது இங்கே செல்லாது, குளோரோஃபார்ம் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும். பதிலுக்கு மெத்திலீன் குளோரைடு பசையை வாங்குவதும் தீர்வில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்துவிட்டது. பட்டறையில் நாங்கள் இந்த ஜாயின்ட்டைத் திறந்த கூரையடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்றுகொண்டுதான் போடுகிறோம். வீட்டில் என்றால் மொட்டை மாடி. அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

அதே போல இன்னொன்று, சன்போர்டு. அது பிவிசி நுரைப் பலகை. நேராக வெட்ட வரவில்லை என்று சால்டரிங் அயர்னாலும் சூட்டுக் கம்பியாலும் அதை அறுக்கிறார்கள். சூடு பட்டால் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும். கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். லேசர் கட்டிங் கடைக்காரர் சன்போர்டை வாங்க மறுத்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள், அவருடைய மெஷினும் அதில் அரித்துப்போகும். சன்போர்டுக்குக் கட்டர்தான். தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் வெட்டலாம், புகையும் அளவுக்குக் கம்பி சூடாகக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

மாஸ்க் பற்றி. கொரோனா காலத்தில் மிச்சமான என்95 எல்லார் வீட்டிலும் இருக்கிறது. உப்புத்தாள் போடும்போது வரும் தூசிக்கு அது நல்லது. ரெசின் பாகங்களைத் தேய்க்கும்போது கட்டாயம் போடுங்கள், கூடவே தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்கவே பறக்காது. ஆனால் தின்னர் ஆவிக்கு என்95 உதவாது. கொசுவலையில் கொசு நிற்கும், வாசனை நிற்குமா? ஆவிக்குத் தனியாகக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க் இருக்கிறது. 'ஆர்கானிக் வேப்பர்' என்று எழுதியிருக்கும், பெயின்ட் ஊதினால் அதன்மேல் தூசி வடிகட்டியும் சேர்த்து மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஆணியில் தொங்கவிட்டால் அந்தக் கரி அறைக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருந்து வீணாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். தாடி வைத்திருப்பவர்களுக்கு இந்த மாஸ்க் முகத்தில் ஒட்டி உட்காராது, ஓரத்தில் காற்று கசியும். மாஸ்க்கை நம்பி ஜன்னலை மூடுவது தலைகீழ் வேலை.

ஏர்பிரஷ் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்ப்ரே பூத்துக்கும், அதாவது உள்ளே வைத்துப் பெயின்ட் ஊத, ஃபேன் வைத்த ஒரு பக்கம் திறந்த பெட்டிக்கும், சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கடையில் வாங்கினாலும் சரி, அட்டைப் பெட்டியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்து நீங்களே செய்தாலும் சரி, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பூத்தின் வாய் 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.2 சதுர மீட்டர். பறக்கும் பெயின்ட்டை உள்ளே இழுக்க அந்த வாயில் காற்று விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போக வேண்டும். பெருக்கினால் விநாடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது மணிக்கு 360 கன மீட்டர். வடிகட்டியும் வளைந்து நெளிந்த குழாயும் இதில் நிறையத் தின்றுவிடும் என்பதால் பெட்டியில் மணிக்கு 500 கன மீட்டர் என்று போட்டிருக்கும் ஃபேனாகப் பாருங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குட்டி ஃபேனை வைத்த பூத்துகள் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் இல்லை. அப்புறம், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர எதிர்ப்பக்கம் ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும். எல்லாம் அடைத்திருந்தால் ஃபேன் சுற்றுமே தவிர இழுக்காது.

மேசையை எங்கே போடுவது என்பதற்கு ஊதுவத்தி போதும். பாட்டில் எதையும் திறப்பதற்கு முன்னால், காலி அறையில், மேசை வரப்போகும் இடத்தில் ஒரு ஊதுவத்தியைப் பற்றவைத்துப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் முகத்தைத் தாண்டி ஜன்னலுக்குப் போனால் இடம் தப்பு, மேசையைத் திருப்புங்கள். முதலில் நீங்கள், அடுத்து வேலை, அதற்கப்புறம் ஜன்னல், இந்த வரிசையில் காற்று ஓட வேண்டும்.

பார்த்துவிட்டு அந்த ஊதுவத்தியை அறையை விட்டே வெளியே எடுத்துவிடுங்கள். அசிட்டோன் ஆவி −20 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு 12, டொலுவீனுக்குச் சுமார் 4. நம் ஊர் அறைகள் கோடையில் 30-க்கு மேல்தான். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, தரையோடு நகர்ந்து போகும். கட்டிலடியில் வைத்த கொசுவத்தி, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் எரியும் விளக்கு, இவை இரண்டும்தான் வீடுகளில் நான் பார்த்துப் பயப்படுவது. சாயங்காலம் விளக்கேற்றும் வீடு என்றால் பெயின்ட் வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மரக்கப்பல் செய்கிறவர்கள் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

உடனடிப் பசைக்கும் நம் வீட்டு உடைக்கும் ஆகவே ஆகாது. சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் வகையறா, பருத்தித் துணியில் கொட்டினால் சட்டென்று இறுகி, அந்த வேகத்தில் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். லுங்கியோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் வைத்து ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கொட்டிவிட்டால் துணியைப் பிய்க்காதீர்கள், நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டால் இமையை வலிந்து திறக்காமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மேசை பற்றி இப்போது சொல்லலாம். வழக்கமான எழுதும் மேசை 75 செ.மீ. உயரம். நுணுக்க வேலைக்கு அது தாழ்வு, குனிந்து குனிந்து கழுத்து போய்விடும். உட்கார்ந்திருக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்தைவிட 5 முதல் 10 செ.மீ. மேலே வேலை இருக்க வேண்டும், முழங்கை இரண்டும் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். புது மேசை எதற்கு, இருக்கிற மேசையில் ஒரு பலகைத் திண்டு போட்டால் தீர்ந்தது. விளக்கு ஒன்றுக்கு இரண்டாக, இடமும் வலமும். மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் கலக்கினால் பகலில் வேறு மாதிரி தெரியும், ஒளியின் நிறம் 5000 கெல்வினுக்கு மேல் (பகல் போன்ற வெள்ளை), நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90 என்று போட்ட விளக்காக வாங்குங்கள். நாற்பது தாண்டியவர்கள் கண் பரிசோதனையை முடித்துவிட்டு அப்புறம் பூதக்கண்ணாடிக்குப் போகலாம். அந்தக் கண்ணாடியை வெயில் படும் மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், தாளைப் பற்றவைத்துவிடும்.

கத்தியில் நிறையப் பேர் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 11-ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடையும் 3-ஆம் நம்பர் கைப்பிடியையும் வைத்துக்கொள்கிறார்கள். மலிவு, கூர்மை, எனக்கும் பிடிக்கும். ஆனால் மெல்லியது; திருகினால் நுனி ஒடிந்து தெறிக்கும், கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பிளேடைக் கழற்றக் குறடு, விரல் இல்லை. கைப்பிடி உருளாமல் இருக்க அதில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். உருண்டு விழுந்தால் காலை இழுத்துக்கொள்ளுங்கள், கையை நீட்டாதீர்கள். பழைய பிளேடை அப்படியே குப்பைக் கூடையில் போடுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். அதைக் கையால் பிரிக்கப்போகிறவர் தூய்மைப் பணியாளர். மூடியில் கீறல் துளை போட்ட ஒரு தகர டப்பாவை மேசையில் வைத்து அதற்குள் சேர்த்துவாருங்கள், நிறைந்ததும் வாயை டேப்பால் சுற்றி, மேலே 'பிளேடு' என்று தமிழில் பெரிதாக எழுதி, வண்டி வரும்போது நேரில் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள். மிச்சத் தின்னரைச் சிங்க்கில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் மூடி வைத்தால், கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்ததை முதல் கழுவலுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம்.