‘சம்மர் சோல்ஸ்டிஸ் ஹைக்’: தமிழில் என்ன பெயர்?

‘சம்மர் சோல்ஸ்டிஸ் ஹைக், ஞாயிறு காலை, ஜெராய் மலை’ என்று மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு வாட்சாப் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரில் உள்ள மூன்று சொல்லும் இரவல். முதல் சொல் நம் ஊருக்குப் பொருந்தாது. இரண்டாவது பலருக்கு விளங்காது. மூன்றாவதற்கு நம்மிடமே நல்ல சொல் இருக்கிறது. நடுவில் நிற்கும் சொல்லிலிருந்து தொடங்குவோம்.

சோல்ஸ்டிஸ் இலத்தீனிலிருந்து வந்தது. ‘சோல்’ என்றால் சூரியன், ‘சிஸ்தேரே’ என்றால் நிற்றல். சூரியன் நிற்கும் வேளை என்று பொருள். நிற்பது எது? சூரியன் உதிக்கும் இடத்தின் நகர்வு. மார்ச் 20-ஐ ஒட்டி நேர்கிழக்கில் எழும் சூரியன், அதன்பின் நாள்தோறும் கொஞ்சம் வடக்கே தள்ளி எழுகிறது. மார்ச்சில் இந்த நகர்வு நாளுக்குச் சுமார் 0.4 பாகை; சூரியத் தட்டின் அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. ஜூன் நெருங்க நெருங்க வேகம் அடங்கிவிடும். ஜூன் 21-க்கு முன்னே பத்து நாள், பின்னே பத்து நாள் எடுத்துக்கொண்டாலும் உதிக்கும் இடம் ஒரு சூரிய அகலம்கூட நகராது. நின்றது போலத் தெரியும். பிறகு தெற்கே திரும்பும்.

இலத்தீன்காரர்கள் நின்றதைப் பெயராக்கினார்கள். கிரேக்கர்கள் திரும்பியதைப் பெயராக்கி ‘ட்ரோப்பே’ என்றார்கள். கடக ரேகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிராப்பிக் ஆஃப் கேன்சர்’ என்ற பெயரில் உள்ள டிராப்பிக் அதன் வழி வந்ததுதான். தமிழில் வழங்கும் கதிர்த்திருப்பம் கிரேக்கர் பக்கம் நிற்கும் சொல். கதிர் என்றால் சூரியன். திருப்பம் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘சூரிய கணநிலை’ என்ற இன்னொரு சொல்லும் உண்டு. அது இலத்தீனை ஒட்டிச் செய்தது. பிழையில்லை, ஆனால் காதில் விழுந்தவுடன் காட்சி எதுவும் எழுவதில்லை. கதிர்த்திருப்பம் என்று சொன்னால் எந்தப் பாட்டிக்கும் புரியும். எங்கள் தேர்வு அதுதான்.

‘தட்சிணாயனம் என்ற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அயனம் என்றால் செல்லுதல். தட்சிணாயனம் சூரியன் தெற்கு நோக்கிப் போகும் ஆறு மாதம்; தனித்தமிழில் தென்செலவு. உத்தராயணம் வடசெலவு. ஆக, அயனம் ஒரு பயணத்தின் பெயர். சோல்ஸ்டிஸ் அந்தப் பயணம் திரும்பும் முனையின் பெயர். அந்த முனைக்கு ‘அயனாந்தம்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. பொருள் சரி, பேச்சில் நிற்கவில்லை.

இன்னொரு சிக்கல் நாளில் இருக்கிறது. பஞ்சாங்கப்படி தட்சிணாயனம் ஆடி முதல் நாளில், அதாவது ஜூலை 16 அல்லது 17-இல் தொடங்குகிறது. வானத்தில் சூரியன் திரும்புவது ஜூன் 21-ஐ ஒட்டி, ஆனி பிறந்த ஒரு வாரத்துக்குள். இடைவெளி சுமார் 25 நாள். பஞ்சாங்கம் கணக்கில் தவறிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. நம் மாதங்கள் விண்மீன்களை வைத்து எண்ணப்படுகின்றன; திருப்பமோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தது. அந்த அச்சு பம்பரம் போல மெல்லத் தலை சுற்றுவதால் இரண்டு கணக்கும் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் விலகுகின்றன. இன்றைய விலகல் சுமார் 24 பாகை. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. கடக ரேகை என்ற பெயரும் அந்தப் பழைய வானத்தின் மிச்சம்: ஜூனில் திரும்பும்போது சூரியன் இப்போது கடகத்தில் இல்லை. ஆகவே அழைப்பிதழில் ‘தட்சிணாயன நடை’ என்று போட்டால், விவரம் தெரிந்தவர் ஆடி ஒன்றாம் தேதி வந்து நிற்பார்.

இனி ‘சம்மர்’. லண்டனில் அன்று பகல் சுமார் 16 மணி 38 நிமிடம், இரவு 9.20 வரை சூரியன் இருக்கும். வேலை முடித்துவிட்டு மாலையில் வழிகாட்டியோடு குன்றேறித் திரும்ப வெளிச்சம் மிஞ்சும். வடக்கே உள்ள அத்தகைய நாடுகளுக்கு இந்த நடை பொருந்துவதற்குக் காரணம் அதுதான். பீடோங்கில் அன்றைய பகல் சுமார் 12 மணி 27 நிமிடம். டிசம்பர்ப் பகலைவிட 40 நிமிடம்தான் கூடுதல். கெடாவில் வெயில் கொளுத்துவது பிப்ரவரி, மார்ச்சில். ஜூனைக் கோடை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. எனவே ‘கோடைக்காலக் கதிர்த்திருப்பம்’ என்ற பாடநூல் தொடரை அப்படியே எடுக்காமல் ‘ஜூன் கதிர்த்திருப்பம்’ என்று எழுதுவதே இங்கு முறை.

‘ஹைக்’குக்கு மலைநடை போதும். மலையேற்றம் என்றால் கயிறு, பாறை என்று மனம் போகும். குழுவை அழைத்துச் செல்பவர் வழிகாட்டி. மலாயில் அவரை ‘மாலிம் குனுங்’ என்பார்கள். இந்த ‘மாலிம்’ நமக்கு அன்னியமில்லை. அரபு ‘முஅல்லிம்’ என்ற சொல்லிலிருந்து மலாய்க்கு மாலிம் வந்தது, தமிழுக்கு மாலுமி வந்தது. கப்பலுக்கு வழி சொன்னவர் மாலுமி. மலையில் வழி சொல்பவர் மாலிம். 1,200 மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள ஜெராய், பழைய கெடாவான கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்குக் கடலிலிருந்தே தெரிந்த அடையாளம். அந்த மலையடியில் இவ்விரு சொல்லும் சந்திப்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

பெயர் சரியாகிவிட்டால், அன்று எதைப் பார்க்க வேண்டும் என்பதும் சரியாகும். நீண்ட பகலைத் தேடிப் பயனில்லை. திருப்பத்தைப் பார்க்க வேண்டும், அதற்கு நிழல் போதும். வேண்டியவை: ஒரு மீட்டர்க் குச்சி, சமதளப் பலகை, நூலில் கட்டிய ஒரு பூட்டு, சாக்குக்கட்டி. தூக்குநூலை வைத்துக் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மதியம் 1.00 முதல் 1.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறியுங்கள். 1.20 அளவில் நிழல் மிகக் குறுகும்: சுமார் 32 செண்டிமீட்டர். அது தெற்கே விழும், ஏனென்றால் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பர்த் திருப்பத்தில் அதே குச்சிக்கு 56 செண்டிமீட்டர் நிழல், வடக்கே.

பலரும் தவறுவது நேரத்தில். கடிகாரத்தில் 12 அடித்ததும் உச்சிப்பொழுது என்று அளந்துவிடுகிறார்கள். நம் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஓடுகிறது. பீடோங் இருப்பதோ அதற்கு மேற்கே நூறரைப் பாகையில்; அதனால் இங்கே உச்சி 1.20 அளவில்தான் வரும். தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளப்பட்டதும் இதில் அடக்கம். அடுத்த தவறு சாய்வு. குச்சி வடக்கிலோ தெற்கிலோ 5 பாகை சாய்ந்தாலே நிழல் எட்டு, ஒன்பது செண்டிமீட்டர் மாறிவிடும். சரிவான மண்ணில் நேரடியாகக் குறித்தாலும் அளவு தவறும், பலகை அதற்காகத்தான். நிழல் நுனி மங்கலாகத் தெரிந்தால், குச்சித் தலையில் ஒரு அட்டையைப் படுக்கையாகச் செருகி நடுவில் சிறு துளை போடுங்கள். அட்டை நிழலுக்குள் ஓர் ஒளிப்பொட்டு விழும். அதைக் குறியுங்கள். தூக்குநூலையும் அந்தத் துளைக்கு நேர்கீழே இறக்கி, அங்கிருந்து அளக்க வேண்டும்.

மாலை நடையாக வைத்தால் மேற்கே கடலைப் பாருங்கள். சூரியன் சுமார் 7.33-க்கு, நேர்மேற்கிலிருந்து 23 பாகைக்குச் சற்று மேல் வடக்கே தள்ளி இறங்கும். ஆண்டில் லங்காவிப் பக்கம் மிக நெருங்குவது அப்போதுதான். ஆனாலும் தீவுக்குத் தெற்கே கடலில்தான் விழும். அந்தி இங்கே அரை மணிகூட நீடிக்காது. ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி இறங்கக் கூடாது.

காட்டொதுக்கில் நுழைய வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். தோட்டத்துப் பெரட்டுக் களம் போல ஆள் எண்ணித்தான் புறப்பட வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ண வேண்டும். முன்னே வழிகாட்டி, கடைசியில் பாதை தெரிந்த ஒருவர். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அட்டைக்கடிக்கு உப்புப்பொட்டலம். மலையுச்சியில் கறுத்தால், கீழே வெயில் அடித்தாலும் ஓடைப்பக்கம் போகாதீர்கள். மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் வெள்ளம் 2021 ஆகஸ்ட் 18 அன்று இதே ஜெராய் அடிவாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் அந்த நொடியே கரையேற வேண்டும்.

2026-இல் திருப்பம் ஜூன் 21, ஞாயிறு, மலேசிய நேரம் மாலை 4.25 அளவில். நாள் வார நடுவில் விழும் ஆண்டுகளில் பக்கத்து ஞாயிறுக்கு மாற்றலாம். சூரியன் நிற்கும் வாரம் என்பதால் நிழலில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அழைப்பில் ‘ஜூன் கதிர்த்திருப்ப மலைநடை’ என்று எழுதுங்கள். குச்சியைப் பத்திரமாக வைத்திருங்கள்: செப்டம்பர் 8-ஐ ஒட்டி, அடுத்து ஏப்ரல் 4-ஐ ஒட்டி, பீடோங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது அதற்கு நிழலே இராது. அந்த நாளின் பெயர் வேறு, நிழலில்லா நாள்.