கண்ணாடி நுண்குமிழி: சொல் விளக்கம்

பையைப் பிரித்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூள். கையில் அள்ளினால் தண்ணீர்போல வழிந்தோடும்; மூச்சுப் பட்டாலே புகையாக எழும்பும். நுண்ணோக்கியில் வைத்தால்தான் சங்கதி தெரியும். ஒவ்வொரு துகளும் உள்ளே வெறுமையான ஒரு கண்ணாடி உருண்டை. குறுக்களவு பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தொழிற்சாலைகளில் இதற்கு ‘ஹாலோ கிளாஸ் மைக்ரோஸ்பியர்’, ‘கிளாஸ் பபிள்’, ‘மைக்ரோபலூன்’ என்று மூன்று பெயர்கள்.

மைக்ரோ, ஸ்பியர் இரண்டும் கிரேக்க வழி வந்தவை: ‘மிக்ரோஸ்’ சிறியது, ‘ஸ்ஃபைரா’ பந்து. பலூன் வந்த வழி வேடிக்கையானது. இத்தாலியத்தில் ‘பல்லா’ என்றால் பந்து, ‘பல்லோனே’ பெரிய பந்து. ஆக, மைக்ரோபலூன் என்பது ‘சின்னஞ்சிறு பெரும்பந்து’!

தமிழில் ‘உள்ளீடற்ற கண்ணாடி நுண்கோளம்’ என்று எழுதலாம். பிழையில்லை. ஆனால் உள்ளீடு என்றதும் இன்று கணினிக்குக் கொடுக்கும் ‘இன்புட்’தான் நினைவுக்கு வருகிறது, உள்ளிருக்கும் பொருள் என்ற பழைய பொருள் மங்கிவிட்டது. ‘உள்ளீடற்ற’ என்பதை விட்டுவிட்டு வெறும் ‘நுண்கோளம்’ என்றாலோ, சாலைக் கோடுகளில் ஒளி திருப்புவதற்காகத் தூவும் கெட்டி மணிகளுக்கும் அதே பெயர்தான் வரும். அவற்றை ‘நுண்மணி’ என்று பிரித்துவிடலாம்.

என் தேர்வு ‘நுண்குமிழி’. குமிழி என்ற சொல்லிலேயே வெறுமை இருக்கிறது, தனி அடைமொழி வேண்டாம். செய்முறைக்கும் பொருந்துகிறது: சல்பேட் என்னும் கந்தக உப்பு கலந்த கண்ணாடித் தூளைத் தீச்சுவாலை வழியே செலுத்துவார்கள். சல்பேட் சிதைந்து வாயு கிளம்ப, இளகிய துகள் ஊதிப் புடைக்கும். ‘குமிழ்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அது கதவுக் கைப்பிடியாகிவிடும்.

குமிழி என்றால் உடையுமே என்பார்கள். உடையத்தான் செய்யும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை வைத்தே இதன் ரகங்களைப் பிரிக்கிறார்கள். கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், நுண்குமிழியினுடையது ஏறத்தாழ 0.12 முதல் 0.6 வரை. சுவர் தடிக்கத் தடிக்க வலு கூடும், எடையும் கூடும். எடை குறைக்க இதைப் பிளாஸ்டிக் போன்ற பிசின்களில் சேர்ப்பார்கள்; முரட்டுத்தனமாகக் கலக்கினால் குமிழிகள் நொறுங்கி, வெறும் கண்ணாடிப் பொடிதான் மிஞ்சும். குறைக்கப் போட்டது எடையைக் கூட்டிவிடும்.

காரில் நசுங்கிய இடத்தை அடைக்கும் பட்டி (புட்டி), பிளாஸ்டிக் பாகங்கள், எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்ட் எனப் பல இடங்களில் இது நிரப்பியாகச் சேர்கிறது. நிரப்பி என்று பெயர், நிரப்புவதோ வெறுமையை! 2012இல் திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் பசிபிக் கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடிக்குப் போய்வந்த ‘டீப்சீ சேலஞ்சர்’ கலத்தின் பெரும்பகுதியே எப்பாக்சிப் பிசினில் நுண்குமிழிகளைத் திணித்து வார்த்த நுரைக்கட்டிதான்.

இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு: ‘செனோஸ்பியர்’. கிரேக்கத்தில் ‘கெனோஸ்’ என்றால் வெறுமை. நிலக்கரி எரியும் அனல்மின் நிலையச் சாம்பலில் தானாகவே உருவாகும் உருண்டைகள் இவை. சாம்பல் குளத்தில் மேலே மிதப்பவற்றை வழித்தெடுப்பார்கள். அதைச் ‘சாம்பல் குமிழி’ என்றே சொல்லலாம்.