ஒத்தக் கோடு விழுந்தா கொரோனா இல்லன்னு யாரு சொன்னா?

2021 கடைசியில மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் டவுன்ல எந்தச் சாப்பாட்டுக் கடையில போயி உக்காந்தாலும் இதே பேச்சுதான், நேத்து டெஸ்ட் பண்ணேன் ஒரு கோடு, இன்னிக்குப் பண்றேன் ரெண்டு கோடு, வீட்டுலயே மூக்குல குச்சி விட்டுப் பாக்குற இந்தக் கொரோனா கிட்டே டூப்புன்னு. அந்த வருஷம் செப்டம்பர்ல கவர்மெண்டு ஒரு கிட்ட 19 வெள்ளி (ரிங்கிட்) 90 காசுக்கு மேல விக்கக் கூடாதுன்னு விலை கட்டுச்சு, அப்புறம்தான் தோட்டத்து வீடுகள்ல அது சாதாரணமா புழங்க ஆரம்பிச்சுச்சு. காசு குடுத்து வாங்கினவங்களுக்குக் கோவம் வர்றதுல தப்பில்ல. ஆனா என்னைக் கேட்டா ரெண்டு நாளும் கிட் சரியாத்தான் சொல்லியிருக்கு.

எப்படின்னு தெரியணும்னா அந்த வெள்ளை பிளாஸ்டிக்க உடைச்சுப் பாக்கணும். தேதி முடிஞ்சுபோன கிட் வீட்டுல கெடந்தா நெஜமாவே உடைச்சுப் பாருங்க, விரலை விட ஒல்லியா ஒரு பட்டை இருக்கும், துண்டு துண்டா அட்டையில ஒட்டி ஒண்ணு மேல ஒண்ணு லேசா ஏறி நிக்கும். சொட்டு விடுற ஓட்டைக்குக் கீழ ஒரு பஞ்சு, அதுக்குப் பக்கத்துல ஊதா கலந்த சிவப்புல காஞ்ச கறை மாதிரி ஒரு சின்னத் துண்டு, அப்புறம் நீளமா வெள்ளையா நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, கடைசியில தண்ணிய உறிஞ்சுற தடிமனான பேப்பர். பேட்டரி கெடையாது, சிப்பு கெடையாது, பேப்பர் ஈரத்த இழுக்கும் பாருங்க, அந்த இழுப்புதான் இதோட மோட்டார்.

அந்தச் சிவப்புக் கறையில இருக்கிறது தங்கம். சும்மா சொல்லல, நெறைய கிட்ல நெஜத் தங்கம்தான், ஒவ்வொரு துகளும் ஏறக்குறைய 40 நானோமீட்டர், கொரோனா வைரஸ்ல பாதிகூட இல்ல. அவ்வளவு பொடியாயிட்டா தங்கம் மஞ்சளா தெரியாது, சிவப்பாத்தான் தெரியும், இத 1857லயே மைக்கேல் ஃபாரடே ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சுட்டாரு. (அடகுக் கடைக்கு எடுத்துட்டுப் போயிராதீங்க, ஒரு காசுக்குக்கூடத் தேறாது.) சில கம்பெனி தங்கத்துக்குப் பதிலா கலர் லேட்டக்ஸ் மணி போடுவாங்க, பால்மரம், அதான் ரப்பர் மரம் சீவின ஊர்க்காரங்க நாம ஒடனே நம்ம பாலான்னு கேப்போம், இல்ல, அது பெரும்பாலும் பாலிஸ்டைரின், பேரு மட்டும்தான் லேட்டக்ஸ்.

மூக்குல விட்ட குச்சிய டியூப்ல இருக்கிற தண்ணியில விட்டு சுத்துறோமே, அதுல சோப்பு மாதிரி ஒரு சரக்கு கலந்திருக்கும். வைரஸோட வெளித்தோலு கொழுப்பு, அது கரைஞ்சு உள்ள இருக்கிற 'என்' (N) புரோட்டீன்னு ஒண்ணு வெளிய வரும், ஒரு வைரஸ்ல சுமார் ஆயிரம் இருக்கும், அதனாலதான் கிட் செய்றவங்க அதையே தேடுறாங்க. சொட்டு விட்டதும் தண்ணி தங்கத்த அள்ளிக்கிட்டு ஓடும், தங்கத்து மேல ஒட்டியிருக்கிற ஆண்டிபாடி (குறிப்பிட்ட ஒண்ண மட்டும் பிடிக்கிற புரோட்டீன்) 'என்' புரோட்டீனைப் பாத்தா கப்புன்னு பிடிச்சுக்கும். சன்னல்ல இளஞ்சிவப்பா ஒண்ணு ஊர்ந்து போறத நீங்களே பாத்திருப்பீங்க, அந்தக் கூட்டம்தான் அது. டி (T) எழுத்துக்கு நேரா சவ்வுல கண்ணுக்குத் தெரியாம இன்னொரு செட்டு ஆண்டிபாடி பூசியிருக்கும், அதுவும் 'என்' புரோட்டீனைத்தான் பிடிக்கும், அந்தப் பக்கம் தங்கம் இந்தப் பக்கம் சவ்வுன்னு புரோட்டீன் நடுவுல மாட்டிக்கும், லட்சக்கணக்குல தங்கம் ஒரே எடத்துல நின்னா நம்ம கண்ணுக்கு அது ஒரு கோடு.

சி (C) கோட்டுலதான், ஒத்தக் கோடுன்னு சொல்றோமே அதுலதான், நம்ம ஆளுங்க ஏமாந்துபோறது. அந்தக் கோடு வைரஸைத் தேடவே தேடாது, ஓடி வர்ற தங்கத்தோட ஆண்டிபாடியத்தான் பிடிக்கும் (நெறைய கிட்ல அது எலியோட ஆண்டிபாடி, அதைப் பிடிக்கிறது ஆட்டோட ஆண்டிபாடி, ஒரு சின்னப் பிளாஸ்டிக்குக்குள்ள எலியும் ஆடும்). தோட்டத்துல வேலைக்கு முன்னாடி ஆளுங்க கூடுற பெரட்டுக் களத்துல பேரு கூப்பிடுவாங்கல்ல, வந்தவனுக்கு ஆஜர் விழும், அவன் மரம் சீவினானா பால் கொண்டு வந்தானாங்கிறது தனிக் கணக்கு, சி கோடும் அந்த ஆஜர்தான். தண்ணி ஓடுச்சு தங்கம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லும். நீங்க பயந்துக்கிட்டு குச்சிய மூக்கு வாசல்ல மட்டும் தடவி எடுத்திருந்தாலும் அது அழகா விழும், அதைப் பாத்துட்டு டெஸ்ட் சரியா நடந்திருக்குன்னு நெனச்சுக்குவோம்.

சூட்டைப் பத்தியும் சொல்லணும். டப்பாவுல 30 டிகிரிக்கு மேல வைக்காதீங்கன்னு போட்டிருப்பான், நம்ம ஊர்ல மத்தியானம் வெயில்ல நிக்கிற காருக்குள்ள 50ஐத் தாண்டும். ஆண்டிபாடியும் புரோட்டீன்தானே, சூட்டுல அதோட வடிவம் கெட்டுப்போனா பிடிக்கிற சக்தி போயிரும். கவரைக் கிழிச்சு ரொம்ப நேரம் போட்டு வச்சாலும் நம்ம ஊரு ஈரக் காத்து சவ்வுல ஏறிரும், உள்ள சிலிக்கா பொட்டலம் போட்டிருக்கிறது அதுக்குத்தான்.

மங்கலான கோடு வந்தா வீட்டுல பஞ்சாயத்தே நடக்கும். எங்க சித்தி டியூப்லைட்டுக்குக் கீழ ஒரு தடவை, போன் டார்ச்ச அடிச்சு ஒரு தடவை பாத்துட்டு "தம்பி, இது கோடா, இல்ல அழுக்கா?"ன்னு கேட்டாங்க. நேரத்துக்குள்ள வந்திருந்தா மங்கலா இருந்தாலும் பாசிட்டிவ்தான், அங்க தங்கம் சும்மா நிக்காது. ஆனா 15 நிமிஷம்னு போட்டிருந்தா 15 நிமிஷத்துல பாத்துரணும், மறந்துட்டு சாயங்காலம் குப்பைத் தொட்டியில எட்டிப் பாத்தா தண்ணி காஞ்ச எடத்துல சாம்பல் கலர்ல ஒரு தடம் தெரியும், அது கணக்குல வராது. 2021ல இங்கிலாந்துல ஸ்கூல் புள்ளைங்க லீவு போடுறதுக்காக ஆரஞ்சு ஜூஸ விட்டு ரெண்டு கோடு வரவச்சுதுங்க, ஜூஸோட புளிப்பு ஆண்டிபாடியக் கெடுத்து தங்கம் கண்ட எடத்துல ஒட்டிக்கும், டியூப்ல குடுக்குற தண்ணி அந்தப் புளிப்பெல்லாம் ஏறாம பாத்துக்கும், அதனால அதை விட்டுட்டு வேற எதையும் ஊத்தக் கூடாது.

சரி, நேத்து ஏன் ஒரு கோடு? கண்ணுக்குத் தெரியிற அளவு தங்கம் சேரணும்னா அதுக்கேத்த மாதிரி வைரஸ் இருக்கணும், கிட் எதையும் பெருக்கிக் காட்டாது. லேப்ல பண்ற பிசிஆர் டெஸ்ட் பெருக்கும். வைரஸோட மரபுப் பொருளான ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்தி, சூடாக்கி ஆறவச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு மடங்கு, 30 சுத்துல ஒண்ணு 107 கோடி ஆயிரும். இந்த முறைய 1983ல கண்டுபிடிச்ச கேரி முல்லிஸுக்கு 1993ல நோபல் குடுத்தாங்க. அப்போ எல்லாரும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச சிடி வேல்யூ இதுதான், எத்தனாவது சுத்துல மெஷினுக்குத் தெரிஞ்சுச்சுங்கிற நம்பர். நம்பர் கொறஞ்சா வைரஸ் ஜாஸ்தி, 20க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் பத்து இல்ல, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. சிடி 25க்குக் கீழ இருந்தா கிட் பெரும்பாலும் பிடிச்சிரும், 30 தாண்டினா பெரும்பாலும் விட்டுரும். தொண்டை கரகரன்னு ஆரம்பிச்ச அன்னிக்கு வைரஸ் ஏறிக்கிட்டுத்தான் இருக்கும், அதுவும் தடுப்பூசி போட்ட ஒடம்பு சீக்கிரமே முழிச்சுக்கிட்டு சண்டைக்கு நிக்கும், காய்ச்சல் முந்தும் கோடு பிந்தும். 2022 ஆகஸ்டுல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஒரு கோடு வந்தா 48 மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பண்ணச் சொன்னது இதுக்காகத்தான். உல்டாவும் உண்டு, ஆளு தேறி வேலைக்குப் போனப்புறமும் பிசிஆர் வாரக்கணக்குல பாசிட்டிவ் காட்டலாம், ஒடைஞ்ச ஆர்என்ஏ துண்டு கெடச்சாலும் அது பெருக்கிரும்.

ஊசி போட்டதால கிட்ல ரெண்டு கோடு வருமான்னு இன்னமும் கேக்குறாங்க. வராது. பைசர், அஸ்ட்ராசெனகா ரெண்டும் நம்ம ஒடம்புக்குக் காட்டுறது வெளிய நிக்கிற ஸ்பைக் முள்ள மட்டும்தான், கிட் தேடுற 'என்' புரோட்டீன் அதுல இல்லவே இல்ல. சினோவேக் வேற கதை, அது முழு வைரஸைக் கொன்னு போட்டது, 'என்' புரோட்டீனும் இருக்கும், ஆனா கையில போட்ட செத்த வைரஸ் மூக்குல வந்து வளராது. ரத்தம் எடுத்து ஆண்டிபாடி பாத்தா மட்டும் கொஞ்சம் குழப்பம் வரும், பைசர் போட்டவருக்கு 'என்' புரோட்டீனைப் பிடிக்கிற ஆண்டிபாடி இருந்தா அவருக்கு கொரோனா வந்து போயிருக்குன்னு சொல்லலாம், சினோவேக் போட்டவருக்கு அது நோயில வந்ததா ஊசியில வந்ததான்னு அந்த ஒரு டெஸ்ட்ட வச்சுப் பிரிக்க முடியாது.