மூச்சு நின்ற குழந்தைக்கு மார்பை அழுத்தினால் மட்டும் போதாது

நீரில் மூழ்கிய ஒரு குழந்தையை அண்மையில் எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தவர்கள், வழிநெடுக மார்பை அழுத்திக்கொண்டே வந்ததாகச் சொன்னார்கள். ஒருவர்கூட வாய் வைத்து ஊதவில்லை. கேட்டால், "ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும் என்று காணொலியில் பார்த்தோம்" என்பதே பதில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அந்தக் காணொலி பொய்யன்று. ஆனால் அது திடீரென இதயம் நின்று சரியும் பெரியவர்களுக்கானது. அவர்களின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்குத் தேவையான பிராணவாயு மிச்சம் இருக்கும். அதை மூளைக்கு அனுப்ப அழுத்தமே போதும். குழந்தைகளுக்கோ பெரும்பாலும் இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. நீரில் மூழ்கியோ, புரையேறியோ, நுரையீரல் தொற்றினாலோ முதலில் மூச்சுத் தடைப்பட்டு, பிராணவாயு தீர்ந்த பிறகே இதயம் தளர்ந்து நிற்கிறது. அந்த இரத்தத்தை எவ்வளவு சுற்றவிட்டும் மூளைக்கு என்ன கிடைக்கும்? முதலில் 5 மூச்சு ஊதச் சொல்லும் ஐரோப்பிய முறையும், 30 அழுத்தத்தில் தொடங்கும் அமெரிக்க முறையும் வரிசையில்தான் வேறுபடுகின்றன. குழந்தைக்கு மூச்சே வேண்டாம் என்று இரண்டுமே சொல்வதில்லை. ஊதவே இயலாதவர் அழுத்தமாவது தரட்டும். கைகட்டி நிற்பதைவிட அது மேல். நாம் வெளிவிடுவது கெட்ட காற்றுதானே என்று தயங்காதீர்கள். அதில் ஏறத்தாழ 16 விழுக்காடு பிராணவாயு இருக்கிறது.

உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை என்றால், உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, மூச்சு இருக்கிறதா என்று 10 நொடிக்குள் பாருங்கள். விட்டுவிட்டு வாய் திறந்து மூடுவது மூச்சாகாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தலையை மிகவும் பின்னால் சாய்த்தால் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி அடைபடும். ஆகவே முகம் நேராகக் கூரையைப் பார்க்கும்படி வைத்து, அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். அதைவிடப் பெரிய குழந்தைக்குத் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊத வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு நொடி போதும். கண் மார்பின் மேல் இருக்கட்டும், அது எழும்பியதும் நிறுத்திவிடுங்கள். கைக்குழந்தைக்கு உங்கள் கன்னங்களில் அடங்கும் காற்றே போதுமானது. பலமாக ஊதினால் வயிறு உப்பி, வாந்தி மேலேறி, உள்ள வழியையும் அடைத்துவிடும்; பலூன் போல உப்பிய வயிற்றோடு வரும் குழந்தைகளுக்குக் குழாய் விட்டுக் காற்றை இறக்கிய பிறகே எங்கள் வேலை தொடங்குகிறது. மார்பு எழவில்லையென்றால் இன்னும் பலமாக ஊதாதீர்கள். தலையின் நிலையைச் சரிசெய்து மீண்டும் முயலுங்கள்.

இப்படி முதலில் 5 மூச்சு ஊதிய பிறகு, மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். தனியாக இருந்தால் கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து அவசர உதவியை அழைத்தபடியே செய்யலாம். நீரை வடிக்கிறேன் என்று தலைகீழாகத் தொங்கவிடுவது, பிடித்து உலுக்குவது, கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காகத் தொண்டையில் விரலை விட்டுத் துழாவுவது ஆகியவற்றைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தை மூச்சுவிட்டு அழத் தொடங்கினாலும் வீட்டுக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். நீரில் மூழ்கிய குழந்தையின் நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம் என்பதால், மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்தே ஆக வேண்டும்.